விக்டோரியா ராணியும் 1906-உம்

கேள்வி: டொராண்டோவில் ஒரு பழம்பொருள் கடையில் மார்ட்டினி-ஹென்றி என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி ஒன்றைப் பார்த்தேன். வலது பக்க இரும்பில் கிரீடம், அதன் கீழ் வி.ஆர்., என்ஃபீல்ட், 1906 என்று பொறித்திருக்கிறது. ஜூலு போரில் பயன்பட்டது என்கிறார் கடைக்காரர். லேசான துரு, மரக்கட்டை கறுத்துப் போயிருக்கிறது. இன்னும் கொஞ்சம் பணம் கொடுத்தால் பாலிஷ் போட்டுப் புதுசாக்கித் தருவாராம். வாங்கலாமா? பிற்காலத்தில் சென்னை வீட்டுச் சுவரில் மாட்ட ஆசை.

பதில்: தென்னாப்பிரிக்காவில் ஜூலு மக்களோடு பிரிட்டிஷார் மோதிய ஜூலு போர் நடந்தது 1879-இல். உங்கள் துப்பாக்கியில் இருப்பதோ 1906. கடைக்காரர் கதையை அந்த முத்திரையே மறுக்கிறது. இன்னொன்று, வி.ஆர். என்பது விக்டோரியா ராணியைக் குறிக்கும். அவர் 1901 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். ஐந்து வருடம் கழித்து என்ஃபீல்ட் அரசுத் தொழிற்சாலை அவர் பெயரைக் குத்தியிருக்க வழியில்லை.

அநேகமாக இது கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் கையால் செய்த நகல். பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் இந்த வேலைக்கே பேர் போன ஊர். அசலைப் பார்த்துச் செய்தவர்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. முத்திரையை ஒரு படமாகவே பார்த்து வெட்டினார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எழுத்து ஏறி இறங்கி இருக்கும். 'என்' என்ற ஆங்கில எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருந்தால் அப்புறம் சந்தேகமே வேண்டாம். நகல் என்பதால் குப்பை என்று அர்த்தமில்லை, அதற்கும் ரசிகர்கள் உண்டு. ஆனால் நகலின் விலைக்குத்தான் வாங்க வேண்டும். சுடும் எண்ணம் மட்டும் கூடவே கூடாது. அந்த இரும்பை நம்ப முடியாது.

பாலிஷுக்கு ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாதீர்கள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய நமக்குப் பளபளப்புதான் அழகு. சேகரிப்பவர்களுக்கு அப்படியில்லை. உப்புத்தாள் போட்டுக் கட்டையை இழைத்தால் மரத்தில் குத்திய முத்திரைகள் போய்விடும், இரும்பை மெருகேற்றினால் எழுத்தின் விளிம்பு மழுங்கும். விலையும் அதோடு இறங்கும். காசு கொடுத்து மதிப்பைக் குறைத்துக்கொள்வானேன்? முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். துருவுக்கு மெல்லிய எண்ணெய் தடவி ஒரு நாள் விட்டு, மிக மென்மையான ஸ்டீல் வூலால் (மெல்லிய இரும்பிழைப் பஞ்சு) அழுத்தாமல் தேய்த்தால் போதும். கட்டைக்குத் துணியில் தொட்டு லின்சீட் ஆயில், அதுவும் கொஞ்சமாக. திருகாணிகளின் பிளவில் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் இல்லாவிட்டால் அவற்றைத் தொடாதீர்கள்.

சட்ட விஷயத்தில் இந்தப் பொய்த் தேதி உங்களுக்கே சிக்கல். கனடாவில் 1898-க்கு முன் செய்த, இந்த வகை ஒற்றைத் தோட்டா ரைஃபிள் தொன்மையான ஆயுதமாகக் கருதப்படும், அதை வைத்திருக்க லைசென்ஸ் வேண்டாம். எப்போது செய்தது என்று நிரூபிக்க முடியாத நகலுக்கு அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. லைசென்ஸ் உங்களிடம் இல்லையென்றால் வாங்காதீர்கள். இருந்தால், 'நகல்' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

சென்னைச் சுவர்? இந்தியாவில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்கால ஆயுதங்களுக்குத்தான் விலக்கு தருகிறது. உங்களுடையது அப்படியில்லை என்றால் லைசென்ஸ் இல்லாமல் கொண்டுவர முடியாது. சுவரில் அதன் புகைப்படத்தை மாட்டலாம்.