‘ஆற்றேன்’ என்பதும் பிரார்த்தனைதான்

கேள்வி: அம்மா, என் கணவர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகி இரண்டு வருடங்கள் ஆகின்றன. பார்க்க வருகிறவர்கள் எல்லாம், ‘கடவுள் உன்னைச் சோதிக்கிறார், உன் ஆன்மா உயர்வதற்குத்தான் இது’ என்கிறார்கள். எனக்கோ கும்பிடக் கை எழவில்லை. கோபம்தான் வருகிறது. என் பக்தி பொய்யா?

பதில்: இல்லைம்மா. கோபம் வருகிறதென்றால், கோபித்துக்கொள்ள உங்களுக்கு ஒருவர் இருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

என் அம்மா கடைசி மூன்று வருடங்கள் படுக்கையில் இருந்தார். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். இரவு பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று அலாரம் அடிக்கும். எழுந்து, தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் கை கொடுத்துத் திருப்பி, முதுகுக்குத் தலையணை வைத்துவிட்டு மறுபடி படுப்பேன். ‘நீ செய்வது தவம்’ என்று அப்போது ஒருவர் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணெரிச்சலும், அம்மா மேலேயே திடீரென்று வரும் கோபமும், அது போனதும் வரும் வெட்கமும்தான்.

அந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தவர் திருநாவுக்கரசர். சூலை நோய் வயிற்றைப் பிடித்து முறுக்க, தாங்க முடியாமல் தமக்கை திலகவதியாரிடம் வந்து விழுகிறார். அவர் திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். அங்கே பாடிய முதல் பதிகத்தைக் கவனித்துப் படியுங்கள். ‘எமனைப் போல் வந்த இந்த நோயை நீ விலக்கவில்லையே’ என்றுதான் தொடங்குகிறது. தெரிந்து நான் ஒரு கொடுமையும் செய்யவில்லையே என்கிறார். ‘ஆற்றேன்’ என்று கதறுகிறார். நோய்க்கு நன்றி சொல்லும் ஒரு வரிகூட அதில் இல்லை. தேவாரத்தில் அவருடைய பாட்டு ஒரு முறையீட்டில்தான் பிறந்தது. வலி நீங்கிய பிறகு அவர் கையில் எடுத்தது உழவாரம். கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். அவர் வளர்ந்ததை நான் அந்தக் கையில் பார்க்கிறேன், வயிற்று வலியில் அல்ல.

எனக்கு நடந்தது மிகச் சிறியது. ஒருநாள் நான்கு மணி அலாரத்துக்கு எழுந்தவள், ‘இனி என்னால் முடியாது’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அம்மா தூக்கத்தில் இருந்தார். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் பல மாதங்களாக யாரிடமும் எதுவுமே சொல்லாமல் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகு தினமும் அந்த நான்கு மணிக்கு மனதில் இருப்பதை முணுமுணுப்பேன். பாதி நாள் புலம்பல்தான். அம்மாவின் உடம்பு தேறவில்லை. மாறியது ஒன்றுதான்: வேலையை முடித்துவிட்டுப் படுக்க ஓடாமல், திருப்பிய தோளில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார ஆரம்பித்தேன்.

உங்களுக்கும் கும்பிடக் கை எழும்வரை காத்திருக்க வேண்டாம். கோபத்தையே சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று, வாரத்தில் இரண்டு இரவாவது வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நீங்கள் தூங்குங்கள். ‘சோதனை’ என்று சொன்னவர்களிடமே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கேள்வி: துன்பம் மனிதரைப் பக்குவப்படுத்தும் என்பது உண்மையா, வெறும் ஆறுதல் வார்த்தையா?

பதில்: சிலருக்கு உண்மை. எல்லோருக்கும் அல்ல. ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கல்ஹூன் என்ற இரு உளவியலாளர்கள் இதைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர்கள். பெரிய அடிக்குப் பிறகு ஒருவரிடம் ஏற்படும் வளர்ச்சியை அளக்க 1996-இல் 21 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். ஆன்மிக மாற்றமும் அதில் ஒரு பிரிவு. அவர்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இது: வளர்ச்சி அந்தத் துன்பத்திலிருந்தே வருவதில்லை, அதற்குப் பிறகு மனம் படும் பாட்டிலிருந்து வருகிறது. வளர்ந்தவருக்கும் வலி இருந்துகொண்டே இருக்கலாம். ஆகவே, பக்குவம் வரவில்லையே என்று யாரும் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: என் தோழியின் பதினாறு வயது மகன் விபத்தில் போய்விட்டான். என்ன சொல்லித் தேற்றுவது?

பதில்: ஒன்றும் சொல்லாதீர்கள். பைபிளில் யோபு தன் பிள்ளைகளையெல்லாம் இழந்து உட்கார்ந்திருந்தபோது, பார்க்க வந்த மூன்று நண்பர்கள் ஏழு பகல், ஏழு இரவு ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் செய்தார்கள். பிறகு காரணம் விளக்க ஆரம்பித்தார்கள். முடிவில் கடவுளின் கோபம் அந்த விளக்கங்கள் மீதுதான் வந்தது.

போங்கள், பக்கத்தில் உட்காருங்கள். ஒரு மாதம் கழித்து மற்றவர்கள் வருவதை நிறுத்தியிருப்பார்கள். அப்போதும் போங்கள். பையனின் பெயரைச் சொல்ல எல்லோரும் தயங்குவார்கள். நீங்கள் சொல்லுங்கள். அவனைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஏதாவது ஒன்றை, அவன் பெயரோடு.