தோள்மூட்டில் தசைநார் தைத்து மூன்று மாதம்: பழைய வில்லைத் திரும்ப எடுக்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இது: வலது தோளில் தசைநார் கிழிந்து, கமெரா விட்டுத் தைத்து மூன்று மாதம் ஆகிறது, வலி இல்லை, கை தலைக்கு மேல் போகிறது, இழுக்க 38 றாத்தல் பாரம் வேண்டிய பழைய வில்லை எடுத்து 70 மீற்றர் தூர இலக்குக்குத் திரும்பலாமா? திரும்பலாம், ஆனால் அந்த வில்லோடு இப்போது வேண்டாம். நானும் திருகோணமலைதான், உப்புவெளிப் பக்கம். எனக்கும் அதே வலது தோள், அதே தசைநார், நாண் இழுக்கிற கையும் அதுதான், இன்றைக்கு 70 மீற்றரில் நின்று அடிக்கிறேன். எப்படி வந்தேன் என்று சொல்கிறேன். உங்கள் வைத்தியரும் பிசியோவும் வேறு மாதிரிச் சொன்னால் அவர்கள் சொல்வதையே கேளுங்கள், உங்கள் தோளுக்குள் பார்த்தவர்கள் அவர்கள்.

முதலில் அந்த மூன்று மாதக் கணக்கு. தோள்மூட்டை நான்கு தசைகள் சுற்றிப் பிடித்து வைத்திருக்கின்றன. அதில் மேல்பக்கமாக ஓடுகிற சுப்ராஸ்பைனேட்டஸ் தசையின் நார்தான் பெரும்பாலும் கிழிவது. ஒப்பரேஷனில் எலும்புக்குள் சிறு நங்கூரங்களை இறக்கி, அதில் கோத்த நூலால் கிழிந்த நுனியை எலும்போடு சேர்த்துக் கட்டுகிறார்கள். நுனி எலும்பில் ஒட்டிப் பிடிக்க ஏறக்குறைய 12 கிழமை எடுக்கும், அதுவரை பாரத்தைத் தாங்குவது நூல்தான், அதற்குப் பிறகும் பலம் ஏற இன்னும் பல மாதம் போகும். வயது, கிழிசலின் அளவு, சிகரெட், சீனி வருத்தம் எல்லாம் இந்தக் கணக்கை இழுத்துவிடும். வலியோ இதற்கெல்லாம் முன்னமே போய்விடுகிறது, தசையும் வேலைக்கு நான் தயார் என்று நிற்கிறது. எனக்குப் பயிற்சி தந்த பிசியோ தங்கச்சி ஒவ்வொரு முறையும் ஒரே வசனத்தைத்தான் சொல்லுவா: "அக்கா, நோகேல்லை எண்டா ஆறிட்டுது எண்டு நினைக்காதேங்கோ." நீங்கள் இப்போது நிற்பது சரியாக அந்த இடத்தில்தான், அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று: உங்களுக்கு என்ன ஒப்பரேஷன் என்று முதலில் தெளிவாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உரசுகிற எலும்பை மட்டும் செதுக்கியிருந்தால் கெதியாகவே கையை அசைக்க விடுவார்கள். தோள் நழுவி விழுந்ததற்காக முன் விளிம்பைத் தைத்திருந்தால், கையைப் பக்கமாக உயர்த்திப் பின்னுக்குத் திருப்புகிற நிலையைத்தான் தள்ளி வைப்பார்கள். நான் எழுதுவது தசைநார் தைத்தவர்களுக்கு.

கை தொட்டிலில் கிடக்கிற முதல் 4 முதல் 6 கிழமையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதைத் தாண்டி வந்துவிட்டீர்கள். இருந்தாலும் இனி வருபவர்களுக்காக: படுத்தால் நோகும், சாய்கதிரையில் சாய்ந்து, முழங்கைக்குக் கீழே ஒரு தலகணி வைத்துத் தூங்குங்கள். சேட் போடும்போது தைத்த கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அந்தக் கை கடைசி. மேசையில் மற்றக் கையை ஊன்றிக் குனிந்து, தைத்த கையைத் தொங்கவிட்டு, உடம்பை அசைத்தால் கை தானாக வட்டம் போடும், அந்தக் கையின் தசை கொஞ்சமும் வேலை செய்யக் கூடாது. நடை மட்டும் எவரும் தடுக்கமாட்டார்கள். நான் விடியவே கோட்டை வாசலுக்குள் போய், மான்களைத் தாண்டி, கோணேசர் கோயில் ஏற்றம் வரை நடந்துவிட்டு வருவேன். வில்லுக்குத் திரும்பி வந்தபோது காலும் மூச்சும் குறையாமல் இருந்தது அந்த நடையால்தான் என்று நம்புகிறேன்.

இனி உங்கள் இடம். இந்த மாதங்களில் உங்கள் வில் ஒரு ரப்பர் பட்டி, அவ்வளவுதான். ஜன்னல் கம்பியில் பட்டியைக் கட்டி, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு துவாயைச் சுருட்டி வைத்து, முழங்கையை மடித்தபடி முன்கையை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். துவாய் விழுந்தால் நீங்கள் தோளால் ஏமாற்றுகிறீர்கள் என்று அர்த்தம். திரும்பி வருகிற பாதியை இன்னும் மெதுவாகச் செய்யுங்கள், ஏனென்றால் நாணை விடாமல் திருப்பி இறக்குகிறபோது இந்தத் தசைகள் செய்கிற வேலை அதுதான். பிறகு சுவரில் கையூன்றித் தள்ளி, கடைசியில் தோள்பட்டை எலும்பு இரண்டும் விரிகிற மட்டும் இன்னும் கொஞ்சம் தள்ளுவது. இது வில் பிடிக்கிற இடது பக்கத்துக்கும் வேண்டும், அந்தப் பக்கத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு உண்மையில் பெரிய மாற்றம் வந்தது தோள்பட்டை எலும்பில்தான். நாணைக் கையால் இழுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் பல வருஷம் அடிக்கிறோம். கடைசி இரண்டு அங்குலத்தை முதுகெலும்புப் பக்கமாகப் போகிற அந்த எலும்புதான் இழுக்க வேண்டும். அது நகராமல் நின்றால் முழங்கை மேலே எழும்பும், தோள் காதுப் பக்கம் ஏறும், தைத்த நார் தோளின் மேலுள்ள எலும்புக் கூரைக்கும் கை எலும்பின் பந்துக்கும் நடுவில் நெரிபடும். கண்ணாடிக்கு முன்னால் வெறுங்கையோடு நின்று, மகளை என் முதுகில் இரண்டு விரல் வைக்கச் சொல்லுவேன். எலும்பு விரலைத் தள்ளினால் சரி, தள்ளாவிட்டால் கையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பவும். வில்லைத் தலைக்கு மேலே தூக்கி, அங்கிருந்து இழுத்துக்கொண்டு இறக்குகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதை விட்டுவிடுங்கள், இலக்கின் உயரத்துக்கே தூக்கி அங்கேயே இழுங்கள்.

இப்போது 38 றாத்தலைப் பார்ப்போம். 70 மீற்றர் தகுதிச் சுற்றுக்கு 72 அம்பு. 38ஆல் பெருக்கினால் 2,736 றாத்தல், அதாவது 1,240 கிலோவுக்கு மேல், பயிற்சி அம்புகளைச் சேர்க்காமல், ஒரே காலையில், ஒரே தசைநாரில். 20 றாத்தல் லிம்ப், அதாவது வில்லின் மேலும் கீழும் வளைகிற பாகங்கள், போட்டு 30 அம்பு அடித்தால் 272 கிலோ. லிம்பில் எழுதியிருப்பது 28 அங்குல இழுவைக்கான கணக்கு, உங்கள் இழுவை ஒரு அங்குலம் குறைந்தால் பாரமும் ஏறக்குறைய 2 றாத்தல் குறையும். என் இழுவை 26, எனவே 20 என்று எழுதிய லிம்ப் என் விரலில் 16 போலத்தான். கூட அடிக்கிற பெடியங்கள் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வில் அது. ஐந்து மாதம் தாண்டி, பிசியோ சரி என்ற பிறகு, நான் தொடங்கியது அதில்தான். நடுவில் கையால் பிடிக்கிற ரைசரை மாற்றத் தேவையில்லை, லிம்ப் மட்டும் போதும். பழைய லிம்பின் திருகாணியைத் தளர்த்திக் குறைக்கலாமா என்று கேட்பீர்கள். அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் குறையும், 38 என்பது 34 ஆகும், உங்களுக்கு அது இன்னும் பாரம்தான்.

ஐந்து மீற்றரில், தாள் ஒட்டாத வெறும் இலக்கில், கண்ணை மூடிக்கூட அடிக்கலாம். முழு இழுவை வந்ததும் 'டிக்' என்று அடிக்கிற தகடான கிளிக்கரைக் கழற்றி வையுங்கள், அது அடிக்கும் வரை கடைசி மில்லிமீற்றருக்காகப் போராடுகிற வேலை இப்போது வேண்டாம். பழைய அம்புகள் இந்த லிம்புக்கு விறைப்பாக இருக்கும், வலது கைக்காரருக்கு இடப்பக்கம் போய்க் குத்தும், அதைத் திருத்த வெளிக்கிட வேண்டாம். முதலில் அம்பின் எண்ணிக்கையை ஏற்றுங்கள், அது சுமுகமானால் பாரத்தை 2 றாத்தல் ஏற்றுங்கள், ஏற்றுகிற கிழமையில் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். இரண்டையும் சேர்த்து ஏற்றுகிற ஆசை கட்டாயம் வரும், அதுவும் போட்டி ஏதும் கிட்டினால் சரியாக வரும்.

அடிக்கிற நேரத்தை விட அடிக்காத நேரத்தில்தான் தோள் அதிகம் அடிபடுகிறது என்பது என் அபிப்பிராயம். அம்பு பிடுங்குவதைப் பாருங்கள். இறுக்கமான இலக்கில் ஆழமாகக் குத்திய அம்பு சட்டென்று கழரும்போது கை பின்னுக்கு வெட்டி இழுபடும். தைத்த தோளுக்கு இதை விடக் கூடாத அசைவு கிடையாது. இடது கையால் பிடுங்குங்கள், இல்லாவிட்டால் கூட வந்தவர் பிடுங்கட்டும். வில்லுக்கு நாண் ஏற்றுவதும் அப்படித்தான், கயிற்றைக் காலால் மிதித்து ரைசரைத் தூக்குகிற அந்தப் பாரம் வில் இழுக்கிற பாரத்துக்குக் குறையாது, எங்கள் வீட்டில் இன்றைக்கும் மகள்தான் ஏற்றித் தருகிறா. அடிக்க மனம் வராமல் நாணைத் திருப்பி இறக்கும்போது பாதியில் விட்டுக்கொடுக்காதீர்கள், இழுத்த வேகத்திலேயே இறக்குங்கள். கிணற்றில் வாளி இழுப்பது, மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றுவது, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்குவது, எல்லாமே அந்தப் பட்டியலில்தான் சேரும்.

எங்கள் ஊருக்கே உரியது ஒன்று, கச்சான் காற்று. ஆனி, ஆடியில் அது கிளம்பினால் வில் பிடித்த கை காற்றோடு மல்லுக்கட்டும், குறி நிலைக்காமல் நாணை இழுத்துப் பிடித்தபடியே நிற்போம், பிடிக்கிற ஒவ்வொரு வினாடியும் தோளின் கணக்கில்தான் ஏறும். விடியற்காலையில் அடித்துவிட்டு, வெயில் ஏறும்போது மடித்து வைத்துவிடுங்கள். முனைகளில் சில்லுப் பூட்டிய கொம்பவுண்ட் வில்லுக்கு மாறினால் லேசு என்று உங்களுக்கு யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். முழு இழுவையில் பாரம் 65 முதல் 80 சதவீதம் வரை குறைவது உண்மைதான், ஆனால் அதற்கு முன்னால் உச்சப் பாரத்தைத் தோள்தான் கடக்க வேண்டும், எனவே அதிலும் குறைந்த பாரத்தில்தான் தொடங்க வேண்டும்.

தென் கொரிய வில்வீரர் ஓ ஜின்-ஹ்யெக்கைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2012 லண்டனில் தனிநபர் தங்கம் எடுத்தவர், தோள் தசைநார்கள் கிழிந்த நிலையிலேயே டோக்கியோவில் 39 வயதில் அணித் தங்கமும் எடுத்தார். எனக்கு அவர் மேல் அவ்வளவு மரியாதை. ஆனால் ஓய்வை நோக்கி நின்ற ஒருவர் தன் கடைசி ஒலிம்பிக்கிற்காக எடுத்த முடிவு அது. இனி இருபது, முப்பது வருஷம் அடிக்க இருக்கிற நீங்கள் அதைப் பார்த்து அவசரப்பட வேண்டாம்.

அடித்த அன்று தசை களைத்துக் கடுப்பது பரவாயில்லை. இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாமல் நொந்தாலோ, அடுத்த நாள் காலையில் தலை வார முடியாமல் கை நின்றாலோ, ஒரு படி இறங்கி ஒரு கிழமை பட்டியோடு மட்டும் இருங்கள். கை திடீரெனப் பலமிழந்து தூக்க வராவிட்டால் உடனே கிளினிக்குக்குப் போங்கள். அடுத்த கிளினிக்கில் கிழிசல் எவ்வளவு பெரிது, எத்தனை நங்கூரம், பாரம் இழுக்க எப்போது விடுவீர்கள் என்று மூன்றையும் கேட்டு எழுதி வாருங்கள்.

என் 20 றாத்தல் லிம்ப் சும்மாதான் கிடக்கிறது. உங்கள் ரைசர் 25 அங்குலம் என்றால் பொருந்தும். வைத்தியர் சரி சொன்னதும் வந்து எடுத்துக்கொண்டு போங்கள், உங்கள் வேலை முடிந்ததும் தந்தால் போதும். நாண் ஏற்றித் தர மகளும் இருக்கிறா.