கேளுங்க, சொல்றேன்: கான்ஸ்டான்டிநோபிள் கேள்விகள்

போன இதழ்ல கான்ஸ்டான்டிநோபிள் ஊர்ல இருக்கிற ஹாகியா சோஃபியா பத்தி சின்னதா ஒரு பெட்டிச் செய்தி எழுதியிருந்தேன். 532ல ஆரம்பிச்சு 537லயே கட்டி முடிச்ச கிறிஸ்தவக் கோயில், குவிமாடத்துக்கு அடியில வரிசையா 40 ஜன்னல், அதுல வர்ற வெளிச்சத்துல அவ்ளோ பெரிய மாடமும் அந்தரத்துல தொங்கற மாதிரி தெரியும்னு. அதுக்கு தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து இவ்ளோ கடிதம் வரும்னு நெனைக்கவே இல்லங்க. அதனால இந்த மாசம் பூரா அந்தக் கேள்விங்க மட்டும்தான்.

ரோமப் பேரரசு 476ல முடிஞ்சுதுன்னு ஒரு புக்குல இருக்கு, 1453னு இன்னொரு புக்குல இருக்கு. எக்ஸாம்ல எதை எழுதறது சார்?
— போட்டித் தேர்வுக்கு படிக்கும் வாசகி, ஓசூர்

ரெண்டும் சரிதான்மா, கேள்வியில "மேற்கு"ன்னு இருக்கா "கிழக்கு"ன்னு இருக்கான்னு பாத்து எழுதுங்க. 330ல கான்ஸ்டன்டைன் மன்னர் பைசாண்டியம்ங்கற பழைய கிரேக்க ஊரை பெருசா கட்டி தலைநகரா ஆக்கினாரு, அதுதான் கான்ஸ்டான்டிநோபிள், இன்னைக்கு இஸ்தான்புல். பின்னால மேற்கு பாதி 476ல விழுந்துச்சு, கிழக்கு பாதி அதுக்கப்புறமும் கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் ஓடுச்சு, அதைத்தான் புக்குல பைசாண்டியப் பேரரசுன்னு போடுவாங்க.

இதுல எனக்கு மனசுல தைக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த ஜனங்க ஒருத்தர் கூட தன்னை "பைசாண்டியர்"னு சொல்லிக்கிட்டதில்ல. பேசினது கிரேக்கம், கும்பிட்டது ஏசுவை, ஆனா யாருன்னு கேட்டா "நாங்க ரோமர்"னுதான் சொல்வாங்க. பைசாண்டியப் பேரரசுங்கற பேரு 1557ல ஹியரோனிமஸ் வோல்ஃப்ங்கற ஜெர்மன் அறிஞர் போட்ட புத்தகத்துல இருந்து கிளம்பி மெல்ல நிலைச்ச பேரு, அதாவது அரசு செத்து நூறு வருஷம் கழிச்சு. நம்ம ஊரு தகடூரா இருந்தப்போ ஆண்ட அதியமானை போயி "தர்மபுரி மன்னர்"னு கூப்ட்டா அவருக்கு புரியுமா? அந்த மாதிரிதான். பக்கத்துல இருந்த அரபிகளும் துருக்கியரும் அந்த நாட்டை "ரூம்"னுதான் சொன்னாங்க, கவிஞர் ரூமி பேர்ல இருக்கிற ரூம் அதேதான், அந்த மண்ணுல போயி வாழ்ந்ததால வந்த பேரு. எக்ஸாமுக்கு பைசாண்டியம்னே எழுதுங்க, மனசுல மட்டும் ரோமர்னு வச்சுக்கங்க.

நான் மல்பெரி போட்டு பட்டுப்புழு வளக்கறேன். சீனாவுல ரகசியமா இருந்த புழுவை சாமியாருங்க கைத்தடிக்குள்ள வச்சு கடத்திட்டு வந்தாங்கன்னு பயிற்சியில சொன்னாங்க. ஒரு தடியில எத்தனை முட்டை பிடிக்கும்? வழியில செத்துப் போகாதா?
— பட்டு விவசாயி, பாலக்கோடு

அண்ணே, வந்ததுலயே நான் ரொம்ப ரசிச்ச கேள்வி உங்களுதுதான். இதுக்காகவே ஒரு நாள் உங்க பக்கத்துல ஒரு புழு மனைக்கு போயி உக்காந்து பாத்துட்டு வந்தேன். அஞ்சாம் பருவத்து புழுங்க, தழை போட்ட உடனே தின்ன ஆரம்பிச்சுது பாருங்க, ஓலைக் கூரையில தூறல் விழற மாதிரி மனை பூரா ஒரே சத்தம். அந்த வீட்டு அக்கா முட்டை அட்டையை எடுத்து காட்டினாங்க, கசகசா அளவுதான் இருக்கு, விரலால தடவினா சொரசொரன்னு ஒட்டிக்கிட்டு.

இப்போ உங்க கணக்குக்கு வரேன். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 1,500லருந்து 2,000 முட்டை வரும். அப்போ ஒரு கைத்தடி ஓட்டைக்குள்ள ஆயிரக்கணக்குல தாராளமா பிடிக்கும், ஒரு தாய் அந்துப்பூச்சியே 400, 500 முட்டை விடுதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. சாகாதான்னு கேட்டீங்க. நம்ம ஊரு வெயிலுக்கு பழகின கலப்பு ரகம்னா பத்து நாள்ல பொரிச்சுடும், தடிக்குள்ளயே எல்லாம் போச்சு. ஆனா குளிர் தேசத்துல வருஷத்துக்கு ஒரே தடவை பொரிக்கிற ரகம் இருக்கே, அது முட்டையிலயே மாசக்கணக்குல தூங்கும், அடுத்த வசந்தம் வந்தாதான் கண்ணு முழிக்கும். அந்த மாதிரி ரகமா இருந்திருந்தா பயணம் தாங்கியிருக்கும்.

கதைக்கு வருவோம். ஜஸ்டினியன் மன்னர் காலம், சுமார் 552. அரண்மனைக்கும் கோயிலுக்கும் பட்டு வேணும், ஆனா சரக்கு வர்ற வழி பாரசீகர் கையில, அவங்களோட அடிக்கடி சண்டை. இந்த சமயத்துல இந்தியாவுலருந்து வந்த சில துறவிங்க மன்னரை பாத்து, பட்டு ஒரு புழுவோட எச்சில்லருந்து வர்ற நூல், புழுவை உயிரோட கொண்டு வர முடியாது, முட்டையை கொண்டு வரலாம்னு சொன்னாங்கன்னு அந்தக் காலத்து வரலாற்று ஆசிரியர் புரோக்கோப்பியஸ் எழுதறாரு. போனாங்க, கொண்டு வந்தாங்க, முட்டை மேல சாணியை மூடி அந்தச் சூட்டுல பொரிக்க வச்சாங்க. கைத்தடி அவர் கணக்குல கிடையாது, அது தியோபனஸ்னு இன்னொருத்தர் எழுதினது, அவரு கொண்டு வந்தது ஒரு பாரசீகர்னு சொல்றாரு. ரெண்டும் கலந்துதான் உங்க பயிற்சி வரைக்கும் வந்து சேந்திருக்கு. துறவிங்க இந்தியாவுல எந்தப் பக்கம் இருந்தாங்கன்னு புரோக்கோப்பியஸ் ஒரு வரி எழுதி வச்சிருக்க கூடாதான்னு எனக்கு ஏக்கமா இருக்குங்க.

அப்புறம் நடந்தது சாதாரணமில்ல. பட்டு அங்க அரசாங்க விஷயமா ஆயிடுச்சு. யாரு கச்சா பட்டு வாங்கறது, யாரு நூல் சுத்தறது, யாரு நெசவு, எல்லாத்துக்கும் தனித்தனி சங்கம், 10ம் நூற்றாண்டு சட்டப் புத்தகத்துலயே விதிமுறை இருக்கு. உசந்த ஊதாப் பட்டு நாட்டை விட்டு வெளிய போகவே கூடாது. 968ல லியுட்பிராண்ட்னு ஒரு இத்தாலி ஆயர் ஜெர்மன் பேரரசர் ஓட்டோவோட தூதரா வந்து ஊதாத் துணி வாங்கி மூட்டை கட்டினாரு, கிளம்பற நேரத்துல அதிகாரிங்க பிரிச்சுப் பாத்து பிடுங்கிட்டாங்க, மனுஷன் ஊருக்கு போயி அந்த ஆத்திரத்தை பூரா எழுதி வச்சுட்டாரு, அது இன்னைக்கும் படிக்க கிடைக்குது. கடைசியில 1147ல சிசிலி மன்னர் ரோஜரோட படை தீப்ஸ், கொரிந்து ஊருங்களை கொள்ளையடிச்சப்போ பட்டு நெசவுக்காரங்களையே கூட்டமா தூக்கிட்டு போயி பலெர்மோவுல தறி போட வச்சாங்க. புழுவை கொண்டு போனா போதாது, கை தெரிஞ்ச ஆளு வேணும்னு அவங்களுக்கு தெரிஞ்சிருக்கு.

இவங்க கிறிஸ்தவங்கதானே, நம்ம சபையா? கேரளா சிரியன் கிறிஸ்தவங்க இந்த அரசாங்கத்துலருந்து வந்தவங்களா?
— ஒரு அம்மா, எலத்தகிரி

ரோமாபுரி திருச்சபையும் கான்ஸ்டான்டிநோபிள் திருச்சபையும் ரொம்ப காலம் ஒண்ணாதாம்மா இருந்துச்சு, மனக்கசப்பு வளந்து 1054ல ஒருத்தரை ஒருத்தர் விலக்கி வச்சாங்க, அங்கருந்து கத்தோலிக்கம் தனி, ஆர்த்தடாக்ஸ் தனி. கேரளாவுல பழைய சபையோட தொடர்பு இந்தப் பேரரசோட இல்ல, அதுக்கு எல்லைக்கு அந்தாண்ட பாரசீகத்துல இருந்த சிரியாக் மொழி சபையோட. கான்ஸ்டான்டிநோபிள் சபையோட வழி போனது வடக்கே. 863ல சிரில், மெத்தோடியஸ்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஸ்லாவ் ஜனங்களுக்காக கிளம்பினாங்க, அவங்க மொழிக்கு எழுத்தே உருவாக்கினாங்க, சீடர் காலத்துல வந்த எழுத்துக்கு சிரிலிக்னு பேரு. பழைய சோவியத் புத்தகங்கள்ல நாம பாத்த ரஷ்ய எழுத்து அதுதான்.

நம்ம நாட்டோட இவங்களுக்கு வியாபாரம் உண்டா?
— ஒரு வாசகர், பென்னாகரம்

உண்டுங்க. 6ம் நூற்றாண்டுல அலெக்சாண்டிரியா வியாபாரி ஒருத்தர், காஸ்மாஸ்னு பேரு, பின்னால துறவியாயிட்டாரு. பூமி தட்டையான பெட்டி மாதிரின்னு நம்பினவரு, அந்த விஷயத்துல அவரை விட்டுடுவோம், ஆனா துறைமுகம், சரக்கு பத்தி அவரு எழுதினது பொக்கிஷம். மலபார் மிளகு, இலங்கை சந்தை எல்லாம் சொல்லிட்டு "காபேர்"னு ஒரு துறைமுகம் சொல்றாரு, அது காவிரிப்பூம்பட்டினம்தான்னு அறிஞர்கள் சொல்றாங்க. உங்க ஒகேனக்கல்ல விழுந்து போற தண்ணி கடல்ல சேர்ற இடம்.

அவரு சொல்ற ஒரு கதை கேளுங்க. சோபாட்ரஸ்ங்கற ரோம வியாபாரியும் ஒரு பாரசீகரும் இலங்கை மன்னர் முன்னாடி நிக்கறாங்க. உங்க ரெண்டு ராஜாவுல யாரு பெரியவருன்னு மன்னர் கேக்கறாரு. பாரசீகர் முந்திக்கிட்டு எங்க ராஜாதான்னு அளக்கறாரு. சோபாட்ரஸ் பேசாம இருந்துட்டு, ரெண்டு ராஜாவும் இங்கயே இருக்காங்க பாருங்கன்னு சொல்லி காசை காட்ட சொன்னாரு. இவரோடது பளபளன்னு தங்கம், அவரோடது வெள்ளி. மன்னர் சோபாட்ரஸை யானை மேல ஏத்தி மேளத்தோட ஊரை சுத்தி வர வச்சாரு. வியாபாரி கதை, கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம், ஆனா அந்தத் தங்கக் காசு, சாலிடஸ்னு பேரு, நாலரை கிராம், நம்ம கணக்குல அரை பவுனுக்கு கொஞ்சம் மேல, அதோட எடையும் மாத்தும் ஏறத்தாழ 700 வருஷம் பெருசா குறையல. தென்னிந்தியாவுல அந்தக் காசுங்க கிடைச்சும் இருக்கு.

அவ்ளோ பெரிய மதில் இருந்தும் எப்படி விழுந்துச்சு? நான் தினமும் கிருஷ்ணகிரி கோட்டை மலையை பாத்து எழறவன், அதான் கேக்கறேன்.
— ஓய்வு பெற்ற ஆசிரியர், கிருஷ்ணகிரி

ஐயா, 5ம் நூற்றாண்டு மதில், அகழி, வெளிச்சுவர், உள்சுவர்னு மூணு அடுக்கு. 447ல நிலநடுக்கத்துல பல இடம் சரிஞ்சு போச்சு, ஹூணர்கள் பயம் வேற, ஊர் ஜனங்களே கூடி 60 நாள்ல எடுத்துக் கட்டினாங்கன்னு கல்வெட்டு இருக்கு. அவார், பாரசீகர், அரபு, பல்கர்னு யார் யாரோ வந்து முட்டிப் பாத்தாங்க, முடியல. கடல் பக்கம் வந்தவங்களுக்கு கிரேக்கத் தீ இருந்துச்சு, குழாய்லருந்து பீச்சற நெருப்பு, தண்ணியிலயும் எரியும், அந்தச் செய்முறை ரகசியமாவே இருந்து அப்படியே தொலைஞ்சும் போச்சு.

எல்லாரும் 1453ஐ சொல்றாங்க, நான் சொல்றது 1204. அன்னைக்குதான் உயிர் போச்சு. ஜெருசலேமுக்கு போறோம்னு கிளம்பின நாலாவது சிலுவைப்படை, அதாவது மேற்கு ஐரோப்பா கிறிஸ்தவங்களோட படை, வெனிஸ்காரங்களுக்கு கப்பல் கடன், பதவி பறிபோன மன்னரோட மகன் நாட்டை எனக்கு வாங்கிக் குடுங்க, காசு தரேன்னு சொன்ன வாக்கு, அவனால குடுக்க முடியல, கடைசியில ஏப்ரல் 12 உள்ள புகுந்து மூணு நாள் சூறையாடினாங்க. கும்பிடற சாமி ஒண்ணு. பழைய கிரேக்க வெண்கலச் சிலைங்களை உருக்கி காசு அடிச்சாங்கன்னு கண்ணால பாத்த அந்த ஊரு வரலாற்று ஆசிரியர் நிக்கிட்டாஸ் அழுதுக்கிட்டே எழுதறாரு. நாலு வெண்கலக் குதிரை மட்டும் தப்பி வெனிஸ் போச்சு, இன்னும் அங்கதான் இருக்கு. 1261ல ஊரை மீட்டாங்க, ஆனா பழைய பலம் திரும்பவே இல்ல.

1453ல உள்ள இருந்த வீரர்கள் சுமார் 7,000 பேர், வெளிய அதைப் போல பத்து மடங்குக்கு மேல, அவங்களுக்கு தலைவர் 21 வயசு ஓட்டோமான் துருக்கி சுல்தான் மெஹ்மத். ஓர்பான்னு ஒரு பீரங்கி வார்ப்பவரு முதல்ல வந்தது ரோம மன்னர்கிட்டதான், சம்பளம் குடுக்க வழியில்ல, அந்தாளு சுல்தான்கிட்ட போயி பெரிய பீரங்கி செஞ்சு குடுத்தாரு. துறைமுக வாயில சங்கிலி கட்டியிருந்தாங்க, சுல்தான் கப்பலுங்களையே கொழுப்பு தடவின மரக்கட்டை மேல மேடு ஏத்தி உள்ள இறக்கினாரு. 53 நாள். மே 29, செவ்வாய்க்கிழமை விடியக் காலையில மதில் உடைஞ்சுது. கடைசி மன்னர் பதினோராம் கான்ஸ்டன்டைன் சண்டையில விழுந்தாரு. கிரேக்கருங்க இன்னும் செவ்வாய்க்கிழமையில நல்ல காரியம் ஆரம்பிக்க தயங்குவாங்க. நம்ம வீட்டுப் பெரியவங்க செவ்வாயோ வெறுவாயோம்பாங்களே, அங்க அதுக்கு காரணமா இந்த நாளைத்தான் சொல்லுவாங்க.

இவங்க நமக்கு விட்டுட்டுப் போனது என்ன, ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க.
— நூலகத்தில் வேலை பார்க்கும் வாசகி, காரிமங்கலம்

படி எடுத்தது. நீங்க நூலகத்துல இருக்கீங்க, புரிஞ்சுக்குவீங்க. தகடூரை சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை முற்றுகை போட்டு அழிச்சதை பாடின தகடூர் யாத்திரைன்னு ஒரு நூல் இருந்துச்சு, நம்ம மண்ணோட கதை, இன்னைக்கு முழுசா கிடையாது, புறத்திரட்டு மாதிரி தொகுப்புல மாட்டின பாட்டுங்கதான் மிச்சம். யாரோ ஒரு தலைமுறை ஏட்டை திரும்ப எழுதாம விட்டுட்டாங்க.

அங்கயும் இதே கதி பல நூலுக்கு. 9ம் நூற்றாண்டுல ஃபோட்டியஸ்னு ஒரு தலைமை ஆயர் தான் படிச்ச சுமார் 280 நூலுக்கு குறிப்பு எழுதி வச்சாரு, அதுல கிட்டத்தட்ட பாதி இன்னைக்கு நம்ம கையில இல்ல. ஆனா ஹோமர், பிளேட்டோ, யூக்ளிட் எல்லாம் கிரேக்க மூலத்துலயே இன்னைக்கு படிக்க கிடைக்குதுன்னா அதுக்கு பெரிய காரணம், ராத்திரி பகலா உக்காந்து தோல் ஏட்டுல எழுதின அந்த ஊரு எழுத்தர்ங்க. ஆர்க்கிமிடிஸ் நூல் ஒண்ணை 10ம் நூற்றாண்டுல படி எடுத்தாங்க, 1229ல இன்னொருத்தர் தோல் தட்டுப்பாட்டுல அந்த மையை சுரண்டிட்டு, ஏட்டை குறுக்கால திருப்பி, அது மேல ஜெபம் எழுதினாரு. 1906ல ஹெய்பெர்க்னு ஒரு டென்மார்க் அறிஞர் பூதக்கண்ணாடி வச்சு ஜெப வரிங்களுக்கு நடுவுல மங்கலா ஓடற கணக்கை படிச்சுக் கண்டுபிடிச்சாரு, உலகத்துல வேற எங்கயும் இல்லாத ஒரு நூல் அதுக்குள்ள இருந்துச்சு. சுரண்டினவர் மேல எனக்கு கோபம் வரல, ஏடு தப்பிச்சதே ஜெபப் புத்தகமா இருந்ததாலதான்.

ஊரு விழுந்தப்புறம் பெசாரியன்னு ஒரு கர்தினால், ட்ரெபிசாண்ட்ல பொறந்த கிரேக்கர், தேடித் தேடி ஏடு வாங்கி, 1468ல நூற்றுக்கணக்குல வெனிஸ் நகரத்துக்கு அப்படியே குடுத்துட்டாரு. அந்த நூலகம் இன்னும் திறந்திருக்கு.

இப்போ போனா அங்க பாக்க என்ன இருக்கு அண்ணா?
— கல்லூரி மாணவர், அரூர்

மதில் இருக்கு தம்பி, ஆறு கிலோமீட்டருக்கு பக்கம், பாதி இடிஞ்சும் பாதி நின்னும். ஹாகியா சோஃபியா மேல்மாடத்துல பளிங்குக் கைப்பிடிச் சுவத்துல வைக்கிங் வீரன் ஒருத்தன் தன் பேரை கீறி வச்சிருக்கான், ஹால்ஃப்டான்னு படிக்க முடியுது. மதிலை ஒட்டி அகழி இருந்த இடத்துல சில எடத்துல இன்னும் தோட்டம் போடறாங்க. மதிலோரம் இருக்கிற யெடிகுலேங்கற பகுதியோட லெட்டூஸ் கீரைக்கு அந்த ஊர்ல தனிப் பேரு உண்டு.