பீட்டா வரைபடத்தில் முகடு இல்லையே, கருவி பழுதா?

கேள்வி: ஆய்வகத்தில் சோடியம் அயோடைடு கருவியின் முன் சீசியம்-137 வைத்தேன், 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் காமா முகடு அழகாக வந்தது. ஸ்ட்ரான்சியம்-90 வைத்தால் முகடே இல்லை, பரந்த மேடுதான். கருவி பழுதா? இதற்கும் நியூட்ரினோ, கரும்பொருள் ஆய்வுக்கும் என்ன தொடர்பு?

பதில்: கருவி நன்றாக இருக்கிறது. சீசியம் முகடு இடம் மாறாமல் விழுந்ததே அதற்குச் சாட்சி. பீட்டா சிதைவில் வெளிவரும் ஆற்றலை எலக்ட்ரானும் எதிர்-நியூட்ரினோவும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பங்கு ஒவ்வொரு முறையும் வேறு. எலக்ட்ரானின் பங்கு மட்டுமே உங்கள் திரைக்கு வருகிறது. 1914இல் இயற்பியலாளர் சாட்விக் கண்டதும் இதே மேடுதான். மிச்சத்தைக் கண்ணில் படாத துகள் ஒன்று கொண்டுபோகிறது என்று 1930இல் பவுலி சொன்னார். அந்தத் துகள்தான் நியூட்ரினோ; அது பிடிபட 1956 ஆகிவிட்டது.

இந்த மேட்டின் வால்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். நியூட்ரினோவுக்கு நிறை இருந்தால் அந்த நிறைக்குச் சமமான ஆற்றல் எலக்ட்ரானுக்குக் கிடைக்கவே கிடைக்காது. வால் கொஞ்சம் முன்னதாகவே முடியும். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் உள்ள கேட்ரின் சோதனை டிரிட்டியத்தின் 18.6 கிலோ எலக்ட்ரான்வோல்ட் முனையில் இதைத்தான் அளக்கிறது. 2025இல் வெளியான முடிவுப்படி நியூட்ரினோ நிறை 0.45 எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் கீழே. அதாவது எலக்ட்ரான் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இவ்வளவு லேசான துகள் கரும்பொருளாக (ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தெரியும் பொருளாக) முடியாது. வேகம் அதிகம், விண்மீன் திரள்களைச் சேர்த்துக் கட்டாது. ஆனால் கிலோ எலக்ட்ரான்வோல்ட் நிறையுள்ள 'மலட்டு' நியூட்ரினோ (சாதாரண நியூட்ரினோ போல மற்ற துகள்களோடு வினைபுரியாத ஒன்று) இருந்தால் ஆகலாம். அது வரைகோட்டின் நடுவில் சிறு மடிப்பாகத் தெரியும். 1985இல் சிம்ப்சன் 17 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு அப்படி ஒரு மடிப்பைக் கண்டதாக அறிவித்தார். பிற்பாடு வந்த துல்லியமான சோதனைகளில் அது நிற்கவில்லை. இப்போது அந்த மடிப்பைத் தேடுவதற்கென்றே கேட்ரினுக்கு ட்ரிஸ்டன் என்ற உணர்கருவியை உருவாக்கியிருக்கிறார்கள்.

சரி, உங்கள் மேட்டுக்கு வருவோம். கருவியின் சோடியம் அயோடைடு படிகத்தின் மேல் அலுமினிய உறை இருக்கும். ஸ்ட்ரான்சியத்தின் எலக்ட்ரான்கள் அதிகபட்சம் 546 கிலோ எலக்ட்ரான்வோல்ட். பெரும்பாலானவை உறையிலேயே நின்றுவிடும். நீங்கள் பார்ப்பது ஸ்ட்ரான்சியம் சிதைந்து உருவாகும் சேயான இட்ரியம்-90இன் எலக்ட்ரான்களை. இடது ஓரத்தை நம்ப வேண்டாம். வலது பாதியை மட்டும் எடுத்துக் கியூரி வரைபடம் போடுங்கள் (பீட்டா மேட்டை நேர்கோடாக மாற்றிக் காட்டும் வரைபடம்; மேரி கியூரி அல்ல, இவர் ஃபிரான்ஸ் கியூரி). ஏறக்குறைய நேர்கோடாக வரும். அதை நீட்டி அச்சைத் தொடும் இடத்தைப் படியுங்கள். நூல் மதிப்பு 2280 கிலோ எலக்ட்ரான்வோல்ட். உறையில் இழந்த ஆற்றலால் உங்களுக்குக் குறைவாகவே வரும். அதைத் திருத்தி எழுதாமல், இழப்பைத் தனியாகக் கணக்கிட்டு அறிக்கையில் சேருங்கள்.