அரை நாள் என்றால் எத்தனை மணி நேரம், அண்ணாச்சி?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி சுற்றுலா பற்றியவை. விடுமுறை நெருங்குகிறது போலும். பழைய அரண்மனை, பங்களா, தோட்டம் என்று கேட்டவர்களை மட்டும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். குற்றாலத்தில் ரூம் வாடகை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பெண்கள் 14 பேர் சேர்ந்து ஒரு நாள் வெளியே போக நினைக்கிறோம். ஒரு டிராவல்ஸ்காரர் ‘அரை நாள் பாரம்பரியச் சுற்றுலா’ என்று பத்மநாபபுரம் அரண்மனையும் உதயகிரிக் கோட்டைப் பூங்காவும் காட்டுவதாகச் சொல்கிறார். காலை 8 மணிக்குக் கிளம்பி மதியம் ஒன்றரைக்கு வீடு. ஆளுக்கு 1,350 ரூபாய். வேன், வழிகாட்டி, காலை டிபன் எல்லாம் அதற்குள் என்கிறார். பாதிப் பணத்தை முன்னாடியே கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். ஆள் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வரவில்லை. கணக்கு உதைக்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து அரண்மனை வாசல் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நாங்குநேரி, காவல்கிணறு, ஆரல்வாய்மொழி வரை வண்டி பறக்கும், காற்றாலையை எண்ணிக்கொண்டே போகலாம். நாகர்கோவிலுக்குள் நுழைந்த பிறகுதான் இருக்கிறது சங்கதி. அங்கிருந்து தக்கலைக்குப் பதினைந்து, பதினாறு கிலோமீட்டர்தான். ஆனால் அந்தச் சாலை எப்போது விடும், எப்போது பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. போகவர நாலரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் ஐந்தரை மணி நேரத்தில் மிச்சம் ஒரு மணி. அந்த ஒரு மணிக்குள் டிபன், அரண்மனை, கோட்டை மூன்றும் முடிய வேண்டும். பதினாலு பேர் வேனை விட்டு இறங்கி, முகம் கழுவி, செருப்பைக் கழற்றி வைப்பதற்கே கால் மணி நேரம் ஆகும், உங்களுக்குத் தெரியாததா?

‘அரை நாள்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் அளவு கிடையாது. அதனால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வாசலுக்குள்ளே எத்தனை மணி நேரம் நிற்க விடுவீர்கள்? அதை எழுதித் தரச் சொல்லுங்கள். என் கணக்குப்படி அரண்மனைக்குள் இரண்டு மணி நேரம், உதயகிரியில் முக்கால் மணி நேரம் இல்லாமல் போவது வீண். காலை ஆறரைக்குக் கிளம்பினால் இரண்டரை, மூன்று மணிக்கு வீடு. இது முக்கால் நாள் பயணம். அப்படியே பெயர் வைத்து விற்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இரண்டு மணி நேரம் எதற்கு என்று கேட்பீர்கள். பூமுகம் என்கிற முன் மண்டபத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். மரக்கூரையில் 90 பூக்கள், ஒன்றைப் போல ஒன்று இருக்காது. நான் போயிருந்தபோது அங்கிருந்த ஊழியர் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். எங்கள் கூட்டத்தில் ஒரு அம்மா இருபதுவரை எண்ணிவிட்டுக் கழுத்து வலிக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கீழே தரை கருகருவென்று முகம் தெரிகிற மாதிரி இருக்கும். சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைத்துத் தேய்த்தது என்பார்கள். வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். சித்திரை வெயிலிலும் அந்தத் தரை குளிர்ந்திருக்கும். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இதுதான். ஆயிரம் பேர் ஒரே பந்தியில் உட்காரும் ஊட்டுப்புரையில் நின்று, இத்தனை பேருக்கு யார் பரிமாறினார்கள் என்று யோசிக்கவே பத்து நிமிடம் வேண்டும்.

1956-இல் தக்கலைப் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனையை மட்டும் கேரளத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது. அதன் ஊழியர்களே ஆங்காங்கே நின்று தமிழிலும் மலையாளத்திலும் விளக்குகிறார்கள். அப்படியென்றால் உங்கள் டிராவல்ஸ்காரர் சொல்லும் வழிகாட்டி என்ன செய்யப் போகிறார்? வேனில் மைக் பிடித்துப் பேச ஒருவர் வருவது நல்லதுதான். அதற்கு எவ்வளவு என்று தனியே சொல்லச் சொல்லுங்கள். உதயகிரியில் அப்படி ஒருவர் உண்மையிலேயே தேவை. குளச்சல் போரில் 1741-இல் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. கல்வெட்டு தமிழிலும் லத்தீனிலும். கதை தெரிந்தவர் கூட இல்லையென்றால் மரத்தடியில் மானைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவீர்கள்.

இனி பணம். 14 பேருக்கு 18,900 ரூபாய். இதில் வேன் வாடகை எவ்வளவு, டிரைவர் பேட்டா, சுங்கம், பார்க்கிங், நுழைவுச்சீட்டு உள்ளே உண்டா என்று பிரித்து வாங்குங்கள். கேமராவுக்குத் தனிச் சீட்டு. உங்களுக்குத் தெரிந்த வேன்காரரிடம் இருநூறு கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் இரண்டாயிரம், மூவாயிரம் என்றால் அலைச்சலுக்குக் கொடுத்த கூலி என்று விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் பேரம் பேசுங்கள். ஜி.எஸ்.டி. என்று தனியாகச் சேர்த்தால் பில்லில் அவருடைய ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். பதிவு இல்லாதவர் அதை வசூலிக்கவே கூடாது.

அப்புறம், வண்டி மஞ்சள் போர்டா என்று பாருங்கள். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டி ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க வழி இருக்கிறது. முன்பணம் கொடுப்பதானால் நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்புங்கள். டிரைவர் தம்பியின் ஜிபே எண்ணுக்கு வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இது என் சொந்த வயிற்றெரிச்சல். சில வருடம் முன்பு இதே மாதிரி ஒரு குழுவில் போனேன். நாகர்கோவிலில் ஒரு சிப்ஸ் கடை வாசலில் நாற்பது நிமிடம் நிறுத்திவிட்டார்கள். நேந்திரம் சிப்ஸ் நன்றாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி. சீட்டுக் கொடுக்கிற இடத்தில் சாப்பாட்டு இடைவேளை, இரண்டு மணிக்குத்தான் திறப்போம் என்றார்கள். வழியில் எந்தக் கடையில் எவ்வளவு நேரம் நிறுத்துவார் என்பதையும் அந்தத் தாளில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: போன மாதம் வீட்டில் ஆறு பேர் இதே பத்மநாபபுரத்துக்கு ஒரு நிறுவனம் மூலம் போனோம். மொத்தம் 7,200 ரூபாய் கட்டினோம். போய்ப் பார்த்தால் அரண்மனை பூட்டியிருக்கிறது, அன்று திங்கட்கிழமை. ‘பரவாயில்லை’ என்று கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். பணம் கேட்டால் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டுகிறார்கள். ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்திருக்கிறது. விட்டுவிட வேண்டியதுதானா? (வள்ளியூர் வாசகர்)

பதில்: விட வேண்டாம் தம்பி. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பது அந்தத் தொழில் செய்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய முதல் விஷயம். தேதியை அவர்தான் கொடுத்தார் என்றால் இது சேவைக் குறைபாடு. குறைபாடான சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதையே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிகமுறை என்கிறது. ரசீதின் பின்னால் என்ன அச்சடித்தாலும் அது சட்டத்தை மாற்றிவிடாது.

ஆனால் திங்கட்கிழமைதான் வேண்டும் என்று நீங்களே அடம்பிடித்து, அவர் ‘பூட்டியிருக்குமே’ என்று சொல்லியிருந்தால் கதை வேறு. வாட்ஸாப் செய்திகளைப் புரட்டிப் பாருங்கள். தேதி பற்றிய பேச்சு அங்கேதான் இருக்கும். அழித்துவிடாதீர்கள்.

முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: என்ன சொன்னீர்கள், என்ன நடந்தது, எவ்வளவு திருப்பி வேண்டும், பதினைந்து நாள் அவகாசம். முழுப் பணமும் கேட்காதீர்கள் என்பது என் யோசனை. வேனில் போய் வந்திருக்கிறீர்கள், கடலும் பார்த்திருக்கிறீர்கள். பாதிக்கு மேல் கேட்டால் நியாயமாக இருக்கும், சீக்கிரம் முடியவும் வாய்ப்பு உண்டு. பதில் வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல சின்ன வழக்குகள் அந்தக் கட்டத்திலேயே முடிகின்றன. அதற்கும் அசையாவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனம் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும்.

கேள்வி: மகள் ரோமில் வேலை பார்க்கிறாள். நானும் வீட்டுக்காரரும் ஐப்பசியில் போகிறோம். பக்கத்தில் திவோலி என்ற ஊரில் பழைய மாளிகைகளும் நீரூற்றுத் தோட்டமும் இருக்கின்றனவாம். வழிகாட்டியோடு அரை நாள் பயணம், இரண்டு மாளிகை என்று இணையத்தில் விற்கிறார்கள். எனக்கு முட்டி வலி உண்டு. பதிவு செய்யலாமா? (வண்ணார்பேட்டை வாசகி)

பதில்: போய்ப் பாருங்கள் அக்கா, நம்ம ஊர்க்காரர்களுக்கென்றே கட்டிய மாதிரி இடம். ஆனால் அரை நாளில் இரண்டும் வேண்டாம், ஒன்று போதும்.

திவோலி ரோமிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ஊருக்குக் கீழே சமவெளியில் ஆட்ரியன் பேரரசரின் மாளிகை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கட்டியது, கிட்டத்தட்ட 300 ஏக்கர், பெரும்பாலும் இடிபாடு, வெயிலில் நடை. ஊருக்குள்ளே இருப்பது வில்லா தெஸ்தே. 1550-இல் திவோலிக்கு ஆளுநராக வந்த கர்தினால் இப்போலித்தோ தெஸ்தே கட்டத் தொடங்கியது. வரைபடம் போட்ட பிர்ரோ லிகோரியோ, ஆட்ரியன் மாளிகையிலிருந்து பளிங்கைத் தோண்டி எடுத்து வந்து இங்கே பதித்தார். ஆக, ஒன்றைப் பார்த்தாலும் இன்னொன்றின் கல் கொஞ்சம் கண்ணில் படும்.

நீங்கள் பார்க்க வேண்டியது இந்தத் தோட்டம். அனியேனே ஆற்றிலிருந்து ஊருக்கு அடியில் சுரங்கம் வெட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து, சரிவில் இறக்கி, நூற்றுக்கணக்கான பீச்சுக்குழல்களில் விட்டிருக்கிறார்கள். பம்பு கிடையாது, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் வேகம் மட்டும்தான். பாபநாசம் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளில் மோட்டார் இல்லாமல் தாமிரபரணியைக் கால்வாயில் திருப்பிய ஊரிலிருந்து போகிறீர்கள், உங்களுக்கு விளக்கவே வேண்டாம். வித்தியாசம் என்னவென்றால் நாம் வயலுக்கு விட்டோம், அந்தக் கர்தினால் வேடிக்கைக்கு விட்டார். ஒரு ஊற்றில் தண்ணீரே ஆர்கன் வாசிக்கும். குறிப்பிட்ட நேரங்களில் மட்டும்தான் அது, நேரத்தை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டிதான் யோசிக்க வேண்டிய விஷயம். மாளிகை மேட்டில், தோட்டம் சரிவில். இறங்கும்போது சுகமாக இருக்கும், திரும்ப அத்தனை படியும் ஏற வேண்டும். வழிகாட்டியோடு போனால் கூட்டத்தின் வேகத்துக்கு நீங்களும் ஏற வேண்டும். மகளோடு திபுர்த்தினா நிலையத்திலிருந்து ரயிலில் போய், வாசலில் நுழைவுச்சீட்டு வாங்கி, உட்கார்ந்து உட்கார்ந்து பாருங்கள். செலவும் பாதிகூட ஆகாது. திங்கட்கிழமை காலையில் போகாதீர்கள், அங்கேயும் திங்கள் தொல்லை உண்டு. மதியம் இரண்டுக்குத்தான் திறப்பார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், கூட்டமும் அதற்கேற்ற மாதிரி. அன்றைக்கு நுழைவுக் கட்டணம் சேர்த்து விலை சொல்கிற பயணத்தை வாங்காதீர்கள்.

குழுவோடுதான் போவேன் என்றால் மகளின் கார்டில் கட்டச் சொல்லுங்கள். உங்கள் இந்தியக் கார்டில் கட்டினால் அன்னியச் செலாவணிக் கட்டணம் என்று தனியே பிடிப்பார்கள். ‘ரூபாயிலேயே கட்டுகிறீர்களா’ என்று திரை கேட்டால் யூரோ என்று அழுத்துங்கள். ரூபாய் என்றால் யூரோவுக்கு அவர்கள் போடும் மாற்று விலைதான்.

கேள்வி: இவ்வளவு தூரம் போகாமல், வழிகாட்டி இல்லாமல், நெல்லைப் பக்கம் பழைய பங்களா ஏதாவது இருக்கிறதா? சிங்கம்பட்டி அரண்மனையை உள்ளே காட்டுவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: சிங்கம்பட்டி முதலான ஜமீன் அரண்மனைகள் அந்தந்தக் குடும்பத்தின் வீடுகள். குடும்பத்தாரின் அனுமதி இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

இடையன்குடிக்குப் போங்கள். திசையன்விளையைத் தாண்டி. கால்டுவெல் 1841-இல் வந்து குடியேறிய ஊர். அவர் வாழ்ந்த வீட்டை 2011-இல் அரசு நினைவில்லமாக்கியது. பக்கத்திலேயே அவர் 33 வருடம் பாடுபட்டு 1880-இல் கட்டி முடித்த தேவாலயம், உள்ளேதான் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். தோட்டம் என்று எதிர்பார்க்காதீர்கள், செம்மணலும் பனையும்தான். காலை ஏழுக்குக் கிளம்பினால் நிதானமாகப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். இதுதான் அரை நாள்.