பில் விதர்ஸ் யார்? நன்றாகப் பாடிக்கொண்டிருந்தவர் ஏன் பாடுவதை நிறுத்தினார்?

அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸின் ‘லீன் ஆன் மீ’ பாட்டைக் கேட்டுவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இசை இலக்கணம் தெரியாது. ஆனாலும் இவரைப் பற்றிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அவருக்கும் திக்குவாய், எனக்கும் திக்குவாய்.

பள்ளியில் வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்ல வேண்டும். எனக்கு அந்த ‘உ’ வராது. என் பெயருக்கு நாலைந்து பெயர் முன்பே நெஞ்சு அடித்துக்கொள்ளும். கல்லூரி விடுதியில் ஒரு நண்பன் விதர்ஸின் ‘ஏன்ட் நோ சன்ஷைன்’ பாட்டைப் போட்டான். நடுவில் ‘ஐ நோ, ஐ நோ’ என்று ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு அந்தக் குரல் போய்க்கொண்டே இருந்தது. மொத்தம் 26 முறை. பாடுபவர் திக்கிப் பேசி வளர்ந்தவர் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்தபிறகு அந்த இடம் எனக்கு வேறு மாதிரிக் கேட்க ஆரம்பித்தது.

விதர்ஸ் 1938 ஜூலை 4 அன்று, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா சுரங்கத் தொழிலாளி. மகனுக்குப் பதின்மூன்று வயதானபோது இறந்துவிட்டார். வளர்ந்தது பக்கத்து ஊரான பெக்லியில். பதினெட்டு வயதுக்குள் கப்பற்படையில் சேர்ந்து ஒன்பது வருடம் இருந்தார். திக்குவாயிலிருந்து மீண்டதும், பாட வேண்டும், எழுத வேண்டும் என்ற ஆசை வந்ததும் அந்த வருடங்களில்தான்.

1967இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். போன உடனே பாடகர் ஆகிவிடவில்லை. விமான உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. போயிங் 747 விமானங்களுக்குக் கழிப்பறை இருக்கை செய்வது. அடகுக்கடையில் ஒரு கிதார் வாங்கித் தானாகவே பழகினார், சம்பளத்தில் மிச்சம் பிடித்து மாதிரிப் பதிவுகள் செய்து கம்பெனி கம்பெனியாகக் கொடுத்தார். சசெக்ஸ் ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன நிறுவனத்தின் கிளாரன்ஸ் அவான்ட்தான் கடைசியில் ஒப்பந்தம் போட்டார். 1971இல் முதல் ஆல்பம் ‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’ வந்தது. தயாரிப்பு இசைக்கலைஞர் புக்கர் டி. ஜோன்ஸ். அப்போது விதர்ஸுக்கு முப்பத்திரண்டு வயது. அதன் அட்டையில் கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்கிறாரே, அது தொழிற்சாலையில் மதிய இடைவேளையில் எடுத்த படம். ஆல்பம் வெளிவரும் நேரத்திலும் அவர் வேலையை விடவில்லை. இசைத்தொழிலை நம்ப முடியாது என்பது அவர் எண்ணம்.

அந்த 26 ‘ஐ நோ’வுக்கு வருகிறேன். அங்கே இன்னும் வரிகள் எழுதிச் சேர்ப்பதாகத்தான் இருந்தார். ஸ்டூடியோவில் கூட வாசித்தவர்கள், எதுவும் சேர்க்காதே, இப்படியே இருக்கட்டும் என்றார்கள். புதியவரான அவர் கேட்டுக்கொண்டார். அந்தப் பாட்டு முதலில் ஒரு இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் இருந்தது. வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான், நாடு முழுக்கப் பரவியது. கிராமி விருதும் கிடைத்தது.

அடுத்த வருடம் ‘லீன் ஆன் மீ’, அமெரிக்கப் பாட்டுகளின் தரவரிசையான பில்போர்டில் முதலிடம். புதிதாக வாங்கிய மின் பியானோவில் விரல்களைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளில் ஏற்றி இறக்கிப் பார்த்தபோது வந்த மெட்டு அது. பியானோ பழகும் யாரும் ஒரே மாலையில் அதை வாசித்துவிடலாம். சொற்களும் அப்படித்தான், ஒருவருக்கொருவர் கைமாற்றுக் கொடுத்து வாழ்ந்த ஸ்லாப் ஃபோர்க் மனிதர்களின் பேச்சு. எளிமையான சொல்லைத் தேடிப் போகும் அவர் பழக்கத்துக்கும் திக்குவாய்க்கும் தொடர்பு உண்டு என்று நான் நம்புகிறேன். வாயில் வராத சொல்லை ஒதுக்கிவிட்டு வரக்கூடிய சொல்லைத் தேடிப் பிடித்து வாழ்ந்தவனுக்கு ஒவ்வொரு சொல்லின் எடையும் தெரியும். இது என் கருத்து; அவர் சொன்னதல்ல.

சரி, ஏன் நிறுத்தினார்? சசெக்ஸ் 1975இல் மூடப்பட்டது. கொலம்பியா நிறுவனத்துக்குப் போனார். ‘லவ்லி டே’ போல நல்ல பாட்டுகள் அங்கேயும் வந்தன. அதில் ஒரே ஸ்வரத்தைப் பதினெட்டு விநாடி பிடித்திருப்பார். ஆனால் எதைப் பாட வேண்டும், எப்படிப் பாட வேண்டும் என்று நிறுவனத்தின் ஆட்கள் சொல்லிக்கொண்டே இருந்தது அவருக்கு ஒத்துவரவில்லை. 1978க்குப் பிறகு ஏழு வருடம் அவர் பெயரில் ஆல்பமே வரவில்லை. இடையில் சாக்ஸபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியரோடு சேர்ந்து பாடிய ‘ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்’ பெரிய வெற்றி. அது வேறு நிறுவனத்தில் வந்தது. 1985இல் ஒரு ஆல்பம் கொடுத்தார், அதோடு சரி. அவருக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பிள்ளைகளை வளர்த்தார், பாட்டுகளின் உரிமை வருமானத்தில் குடும்பம் நடந்தது. 2015இல் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது பாடகர் ஸ்டீவி வொண்டர் அவரை வரவேற்றுப் பேசினார். 2020 மார்ச் 30 அன்று இதய நோயால் இறந்தார்.

தோற்றுப்போய் ஒதுங்கியவர் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முப்பது வயதுக்கு மேல் பாட வந்தவருக்குப் பாட்டு இல்லாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்று ஏற்கெனவே தெரியும். அதற்குத் திரும்பிப் போக அவருக்கு என்ன பயம்?

எங்கிருந்து தொடங்குவது என்றால், 1972 அக்டோபரில் நியூயார்க்கின் கார்னகி ஹால் என்ற இசையரங்கில் பதிவான நேரடி நிகழ்ச்சியைக் கேளுங்கள். ‘கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்’ பாடுவதற்கு முன்னால் தன் பாட்டியைப் பற்றி, அவர் போன தேவாலயத்தைப் பற்றி அவையோடு சாவகாசமாகக் கதை பேசுவார். அப்புறம் வியட்நாம் போரில் வலது கையை இழந்த ஒரு இளைஞனைப் பற்றிய பாட்டு. அதற்கு முன்னும் ஒரு பேச்சு உண்டு. பாட்டுக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்று அந்தப் பேச்சுகளைத் தள்ளிவிடாதீர்கள். நான் பாட்டுகளைவிட அவற்றைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன்.