கார் டீசல் எஞ்சினும் வீட்டில் கட்டிய விமானமும்: கேள்வி பதில்

வீட்டிலேயே சிறு விமானம் கட்டுகிறவர்கள் அதில் கார் டீசல் எஞ்சினைப் பொருத்த முடியுமா என்று பலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். பிஸ்டன் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுவதே என் தொழில் என்பதால், வந்தவற்றில் முக்கியமான கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: காரில் மூன்று லட்சம் கிலோமீட்டர் தாங்கும் எஞ்சின் விமானத்தில் தாங்காதா?

எஞ்சின் தாங்கும். ஆனால் சாலையில் சீராகப் போகும்போது கார் எஞ்சின் தன் முழுத் திறனில் ஒரு சிறு பங்கைத்தான் தருகிறது. விமானத்தில் மேலே ஏறும்வரை முழுத் திறன் வேண்டும். அதன் பிறகும் மணிக்கணக்கில் முக்கால் பங்கு வேண்டும். நல்ல டீசல் பிளாக்கும் பிஸ்டன்களும் பெரும்பாலும் இதைப் பொறுத்துக்கொள்ளும். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்குக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவே நீங்கள் செய்து வைக்கும் பாகம்தான் முதலில் உடையும். இனி வரும் பதில்களில் பாதி அதைப் பற்றியதுதான்.

கேள்வி: நடுவில் கியர் எதற்கு? புரொப்பெல்லரை நேராகக் கிராங்கில் மாட்டினால் என்ன?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.8 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லரை நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் அதன் நுனி நொடிக்கு 377 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியின் வேகமே சுமார் 340 மீட்டர்தான். சத்தம் காதைக் கிழிக்கும், இழுவிசையோ கிடைக்காது. 2,300 சுற்றுக்கு இறக்கினால் நுனி வேகம் 217 மீட்டராகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. விமானத்தையே இழுக்கும் விசையையும், மூக்கு திரும்பும்போது புரொப்பெல்லர் தரும் வளைவு விசையையும் தாங்குவதற்காகக் கார் கிராங்கின் பேரிங்குகள் செய்யப்படவில்லை. அவற்றைத் தனி உறையில் உள்ள தனி பேரிங்குகள்தான் ஏற்க வேண்டும்.

கேள்வி: பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முறுக்கு அதிர்வு என்பதை எளிமையாக விளக்க முடியுமா ஐயா?

நல்ல கேள்வி தம்பி. கிராங்க் சீராகச் சுற்றுவதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் சிலிண்டரில் எரிபொருள் எரியும் ஒவ்வொரு முறையும் அதற்கு ஓர் அடி விழுகிறது; நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை. நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் நொடிக்கு 80 முறை அடி விழும். டீசலில் அழுத்த விகிதம் (காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 18க்கு 1 என்ற அளவில் இருப்பதால் ஒவ்வொரு அடியும் பெட்ரோல் எஞ்சினைவிடக் கனமானது. காரில் இந்த அடிகளை ஃபிளைவீல், கிளட்ச் ஸ்பிரிங், நீண்ட அச்சு, டயர் என்று வரிசையாகப் பலரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். விமானத்தில் மறுமுனையில் இருப்பது புரொப்பெல்லர். அதன் நிலைமம் பெரியது, வேகத்தைச் சட்டென்று மாற்றிக்கொள்ளாது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட தண்டு ஒரு ஸ்பிரிங்கைப் போல முறுகி முறுகி விடுபடும். ஊஞ்சல் வந்து திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் என்ன ஆகும்? அதேபோல, அடியின் தாளமும் தண்டின் இயல்பான தாளமும் ஒன்றாகும் வேகத்திலேயே எஞ்சின் தொடர்ந்து ஓடினால், சில நிமிடங்களிலேயே இரும்பு முறியும்.

ஆகவே நடுவில் மென்மையான ஒரு ரப்பர் இணைப்பையோ (கப்ளிங்) கிளட்சையோ வைத்து, அந்த ஆபத்தான வேகத்தை எஞ்சின் சும்மா ஓடும் ஐடிலிங் வேகத்துக்கும் கீழே தள்ளிவிடுகிறார்கள். ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் எஞ்சின் அதை ஒரு நொடியில் கடந்துவிடும். ஒருமுறை தரையில் வைத்துச் சோதித்த எஞ்சினில் நாங்கள் போட்ட கப்ளிங் சற்றுக் கடினமானது. எட்டு மணி நேர ஓட்டத்துக்குப் பின் திறந்தபோது உறைக்குள் கரும்பொடி மட்டுமே இருந்தது. அன்று முதல், கணக்கில் சரி என்று வந்தாலும் அதிர்வை அளந்து பார்க்காமல் ஒரு எஞ்சினையும் நான் நம்புவதில்லை.

கேள்வி: பெரிய நிறுவனங்கள் இதைத் தீர்த்துவிட்டன அல்லவா?

தீர்த்தன, பெரும் விலை கொடுத்து. ஜெர்மனியின் தீலெர்ட் நிறுவனம் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரின் டீசலை எடுத்து 135 குதிரைத்திறன் விமான எஞ்சினாக்கியது. கியர் விகிதம் 1.69, அதாவது புரொப்பெல்லர் ஒரு முறை சுற்ற எஞ்சின் 1.69 முறை சுற்றும். ஆனால் அதன் கிளட்ச், கியர்பாக்ஸ் இரண்டையும் 300 மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றியாக வேண்டியிருந்தது. 2008இல் அந்த நிறுவனம் திவாலானது. ஆஸ்திரியாவின் ஆஸ்ட்ரோ எஞ்சின், மெர்சிடிஸின் வார்ப்பிரும்பு பிளாக்கை அப்படியே வைத்துக்கொண்டு 168 குதிரைத்திறன் எடுத்தது. உறுதியானது, ஆனால் எடை சுமார் 185 கிலோ.

கேள்வி: காமன் ரெயில் நல்லதா, பழைய மெக்கானிக்கல் பம்ப் நல்லதா?

வீட்டில் கட்டுகிறவருக்கு என் பரிந்துரை பழைய பம்ப்தான். காமன் ரெயில் என்பது கணினி கட்டுப்படுத்தும் டீசல் தெளிப்பு முறை; மின்சாரம் போனால் அது நின்றுவிடும். 2007 மார்ச்சில் ஜெர்மனியின் ஸ்பையர் விமான நிலையத்தில், தீலெர்ட் எஞ்சின்கள் பூட்டிய டயமண்ட் டிஏ42 என்ற இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று கிளம்பியது. பேட்டரி இறங்கியிருந்ததால் வெளி மின்சாரத்தில் ஸ்டார்ட் செய்திருந்தார்கள். கிளம்பியதும் சக்கரத்தை மடக்கினார்கள். மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தது. கட்டுப்பாட்டுக் கணினிகள் தடுமாறி இரண்டு எஞ்சின்களும் ஒன்றாக நின்றன. நல்லவேளை, உயிர் போகவில்லை. காமன் ரெயில்தான் வேண்டுமென்றால், தனி வழியில் இன்னொரு பேட்டரி இல்லாமல் பறக்காதீர்கள்.

பழைய பம்பிலும் ஒரு கண்ணி உண்டு. அதன் நிறுத்தும் சோலனாய்டுக்கு (மின்சாரத்தால் திறக்கும் வால்வு) மின்சாரம் வந்துகொண்டிருந்தால்தான் டீசல் போகும். ஒரு கம்பி கழன்றாலும் எஞ்சின் நின்றுவிடும். அதை எடுத்துவிட்டுக் கையால் இழுக்கும் கேபிள் போடுங்கள்.

கேள்வி: பங்க் டீசல் ஊற்றலாமா?

ஊற்றலாம், குளிரைக் கவனித்தால். 3,000 மீட்டர் உயரத்தில் இயல்பான வெப்பநிலையே மைனஸ் 5 டிகிரிக்குக் கிட்டத்தில் இருக்கும். கோடைக்கால டீசலில் மெழுகு கட்டி ஃபில்டர் அடைபடலாம். ஜெட் விமான எரிபொருளான ஜெட் ஏ-1க்கு அந்தத் தொல்லை இல்லை, மைனஸ் 47 வரை உறையாது. ஆனால் அதில் வழுவழுப்பு குறைவு, பம்ப் தேயும். சீட்டேன் அளவுக்கும், அதாவது எவ்வளவு எளிதில் பற்றும் என்பதற்கும், உத்தரவாதம் கிடையாது.

இதோடு ஒன்று. டீசல் எஞ்சின் எரிக்காத எரிபொருளை டேங்குக்கே திருப்பி அனுப்பும். இடது டேங்கிலிருந்து எடுத்து வலது டேங்குக்குத் திருப்பினால், ஒன்று காலியாக மற்றது நிரம்பி வழியும். டேங்க் மாற்றும் வால்வு, போகும் குழாயையும் திரும்பும் குழாயையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கேள்வி: இவ்வளவு எடை கூடிய எஞ்சினால் லாபம் என்ன?

70 கிலோவாட் திறனில் பறப்பதாக வைத்துக்கொள்வோம். டீசல் மணிக்குச் சுமார் 15 கிலோ குடிக்கும், பெட்ரோல் விமான எஞ்சின் சுமார் 20 கிலோ. மணிக்கு 5 கிலோ மிச்சம். ரேடியேட்டர், கூலன்ட், கியர்பாக்ஸ் எல்லாம் சேர்ந்து 40 கிலோ கூடினால், எட்டு மணி நேரம் பறந்தால்தான் எடைக்கணக்கு நேராகும். ஆகையால் எடைக்காக டீசலுக்கு வராதீர்கள். விமானப் பெட்ரோல் கிடைக்காத ஊர், அதன் விலை, அதில் கலக்கும் ஈயம் ஆகியவைதான் நியாயமான காரணங்கள்.

கேள்வி: தனி மனிதர்கள் யாராவது வெற்றி பெற்றிருக்கிறார்களா?

பிரான்ஸைப் பாருங்கள். பால் லூக்காவும் செர்ஜ் பெனெக்கும் 1990களின் இறுதியில் ஓப்பல் கோர்சா காரின் 1.5 லிட்டர் டீசலை வைத்து டீசலிஸ் விமானத்தைப் பறக்கவிட்டார்கள். பின்னர் பெனெக், பெஜோவின் சிறு டீசலைச் சுற்றி கஸேல் என்ற இரு இருக்கை விமானத்தை வரைந்தார். பிரெஞ்சில் 'கஸோல்' டீசல், 'ஏல்' இறக்கை. பெயரிலேயே எரிபொருள் இருக்கிறது. அவர் கையிலிருக்கும் விமானத்துக்குள் எஞ்சினைத் திணிக்கவில்லை; எஞ்சினின் எடைக்கும் சிறு திறனுக்கும் ஏற்ப விமானத்தையே மெலிதாகக் கட்டினார். எனக்கு அவர்மேல் மிகுந்த மதிப்பு உண்டு.

கேள்வி: எஞ்சினுக்குக் காற்றை அமுக்கித் தரும் டர்போவின் குழாய் உயரத்தில் கழன்றால்?

பெட்ரோல் எஞ்சின் திறன் குறைந்தாவது ஓடும். டீசலில் காற்றை அமுக்கும் சூட்டில்தான் நெருப்பு பிறக்கிறது. மெல்லிய காற்றில் அந்தச் சூடு போதாமல் எஞ்சின் அணைந்துவிடலாம். கீழே இறங்கிய பிறகே மறுபடி பற்றும். அதனால் அந்தக் குழாய்களின் கிளாம்ப்பை ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் கையால் அசைத்துப் பாருங்கள். எண்ணெய்க் கசிவு தெரிந்தால் அன்று கிளம்ப வேண்டாம்.